அம்மம்மாவின் கமராவும் 13ஆம் சனலும்

போன வருசம் மழைக்காலத்தில் அம்மம்மா கிணற்றடியில் சறுக்கி விழுந்துவிட்டா. பாசி. எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் எழும்ப ஏலாமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறா. பக்கத்து வீட்டு ரீச்சர் அன்ரி தேங்காய் பொறுக்க வேலியடிக்கு வந்தபடியால்தான் கண்டவா. அந்தக் கதை அன்றைக்கே கனடாவுக்குப் போய், பெரிய மாமா இரவிரவாக எல்லாருக்கும் கோல் எடுத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: வீட்டுக்கு ஒரு கமரா பூட்ட வேண்டும்.

மார்கழியில் ஊருக்கு வந்த ஒரு சொந்தக்காரரிடம் அவர் கமராவைக் குடுத்துவிட்டார். பூட்டுற பொறுப்பு எனக்கு. “நீ கம்பஸ்தானே பிள்ளை, உனக்கு இதெல்லாம் தெரியும்” என்றார். நான் படிக்கிறது கலைப்பீடத்தில், அதுவும் வரலாறு. ஆனால் எங்கள் வீடுகளில் கம்பஸ் போன பிள்ளை என்றால் வங்கிப் படிவத்திலிருந்து ரீவி வரைக்கும் எல்லாம் அதன் தலையில்தான். நானும் ஓம் என்றுவிட்டேன். பெட்டியில் “மூன்றே நிமிடத்தில்” என்று போட்டிருந்தது. எனக்கு நாலு நாள் எடுத்தது.

முதல் பிரச்சினை பிளக். கனடாவின் தட்டையான இரண்டு பின், வடமராட்சியில் அம்மம்மா வீட்டுச் சுவருக்குள் போகாது. அடப்டரில் 100 முதல் 240 வோல்ற் வரை தாங்கும் என்று எழுதியிருந்ததால், பின் மாற்றி ஒன்று வாங்கிச் செருகினேன். சிவப்பு லைற் மினுங்கியது. கமராவுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. குசினிக்குள்ளிருந்து அம்மம்மா, “ஆர் பிள்ளை வந்திருக்கினம்? இருக்கச் சொல்லு, தேத்தண்ணி போடுறன்” என்றா.

இந்த மாதிரிக் கமராக்களில் பொதுவாக வேலை இப்படித்தான். போனில் செயலியைத் திறந்து வீட்டு வைபையின் பெயரையும் பாஸ்வேட்டையும் குடுக்க, அது ஒரு கியூஆர் கோட் உருவாக்கும். போனைக் கமராவின் கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் கமரா அதை வாசித்து வைபையில் தானாக ஏறும். என்னுடையதும் வாசித்தது, ‘பீப்’ என்றது. ஒரு நிமிசம் போனது. பிறகு, இணைக்க முடியவில்லை.

எல்லாரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். கமராவின் பின்பக்கச் சின்னத் துவாரத்துக்குள் ஊசியை விட்டுப் பத்துச் செக்கன் அமத்தி ரீசெற் பண்ணினேன். திரும்ப அதே கதை. மூன்றாம் தரமும் நாலாம் தரமும் அதுவேதான். இப்போது யோசித்தால், ரீசெற் பண்ணுகிறது என்பது யோசிக்கப் பஞ்சிப்பட்டுச் செய்கிற வேலை. எங்கே பிழை என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழித்தால், திரும்பவும் அதே பிழையில்தான் வந்து நிற்போம்.

இரண்டாம் நாள் கொஞ்சம் ஒழுங்காகத் தொடங்கினேன். பாஸ்வேட்டில் இருப்பது பூச்சியமா ஓ எழுத்தா என்று றூட்டரின் அடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத் திருத்தினேன். அன்ரொயிட் போனில் செயலிக்கு ‘லொகேசன்’ அனுமதி குடுத்தேன். அது இல்லாவிட்டால் பக்கத்திலிருக்கிற வைபைகளைத் தேட போன் செயலியை விடாது. பிறகு எல்லாரும் சொல்லுகிற அந்த 2.4 - 5 விசயம். இப்போதைய றூட்டர்கள் இரண்டு அலைவரிசையில் வேலை செய்யும், 2.4 கிகாஹேட்ஸ், 5 கிகாஹேட்ஸ் என்று. 5 வேகம் கூட, ஆனால் சுவரைத் தாண்டினால் களைத்துப் போகும். 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும். மலிவான கமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். றூட்டரோ இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கும். போன் 5இல் நின்றுகொண்டு ‘இதில ஏறு’ என்று சொன்னால் சில கமராக்கள் குழம்பிவிடும். றூட்டரின் செற்றிங்ஸுக்குள் போய் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தேன். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருந்தால் பழைய கருவிகள் ஏறமாட்டா என்று வாசித்து, அதையும் டபிள்யூபிஏ2 ஆக்கினேன். அப்பவும் ஏறவில்லை.

மூன்றாம் நாள் நெல்லியடியில் போன் திருத்துகிற கடை அண்ணாவிடம் கமராவைக் கொண்டுபோனேன். அவர் கமராவைத் தொடவேயில்லை. “வீட்டில இன்னொரு போன் இருக்கோ? அதில ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, 2.4இல விட்டு, கமராவை அதில ஏத்திப் பாருங்கோ. ஏறினா கமரா நல்லம், பிழை றூட்டரில. ஏறாட்டிக் கமராவில பிழை” என்றார். நாலு வரிதான். இரண்டு நாளாக நான் செய்யாத வேலை அது: பிழையை இரண்டாகப் பிரிக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவின் போனில் ஹொட்ஸ்பொட் போட்டேன். கமரா ஏறிவிட்டது! ஆனால் இப்போது செயலியில் வேறொரு வசனம் வந்தது: இந்தக் கமரா ஏற்கெனவே இன்னொரு கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோசம்தான் வந்தது. பிழைச் செய்தி மாறினால் ஒரு படி ஏறிவிட்டோம் என்று அர்த்தம். மாமா அனுப்ப முதல் தன் வீட்டில் பூட்டிச் சோதித்துப் பார்த்திருக்கிறார். கமரா அவருடைய கணக்கோடு கட்டுண்டு கிடக்கிறது. களவெடுத்த கமராவை வேறு யாரும் பாவிக்கக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. ஊசியால் குத்தி ரீசெற் பண்ணினாலும் போகாது, பழைய கணக்குக்காரர்தான் செயலிக்குள் போய் நீக்க வேண்டும். ரொறன்ரோவில் அப்போது நடுச்சாமம். மாமா எழும்பும் வரைக்கும் காத்திருந்து, அவர் நீக்க, கமரா என் கணக்கில் வந்தது.

ஆனால் ஹொட்ஸ்பொட்டில்தான். றூட்டரில் இன்னும் ஏறவில்லை. திரும்பக் கடை அண்ணாவுக்குக் கோல் எடுத்தேன். “கமரா எங்க வாங்கினது?” என்றார். கனடா என்றேன். சிரித்துவிட்டு, “றூட்டர் எந்தச் சனலில நிக்குது எண்டு பாருங்கோ” என்றார்.

13.

2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசை ஒரே தெரு இல்லை, அதற்குள் சின்னச் சின்ன ஒழுங்கைகள் மாதிரிச் சனல்கள் இருக்கின்றன. உலகின் பெரும்பாலான நாடுகளில் 1 முதல் 13 வரை பாவிக்கலாம். வட அமெரிக்காவில் வழமையாக 11 வரைதான். அந்தச் சந்தைக்கென்று செய்த கருவிகளில் பல 12ஐயும் 13ஐயும் தேடியே பார்க்காது. எங்கள் றூட்டர் ‘ஓட்டோ’வில் இருந்து, எது வெறுமையாக இருக்கிறதோ அதில் நிற்பம் என்று 13இல் போய் நின்றிருக்கிறது. இங்கே வாங்கிய போன்களுக்கு எல்லாம் அது தெரிகிறது. கனடாக் கமராவுக்கு மட்டும் அம்மம்மா வீட்டில் வைபை என்ற ஒன்றே இல்லை. சனலை 6 என்று நிரந்தரமாக வைத்தேன். முப்பது செக்கனில் லைற் நீலமானது. ‘ஓட்டோ’வில் விட்டிருந்தால் அடுத்த தரம் கரண்ட் போய் வரும்போது றூட்டர் திரும்ப 13க்குப் போயிருக்கும். நாங்கள் பேய் பிடித்திருக்கிறது என்று நினைத்திருப்போம்.

மாமா அன்றைக்கு வீடியோவில் அழுதார். ஹோலின் மூலையில் இருந்து அம்மம்மாவின் சாய்மனைக் கதிரை, சாமிப்படம், குசினிக் கதவு எல்லாம் தெரிந்தது. “அம்மா, கையக் காட்டுங்கோ” என்றார். அம்மம்மா எந்தப் பக்கம் பார்த்துக் கையைக் காட்டுகிறது என்று தெரியாமல் சாமிப்படத்தைப் பார்த்துக் கையைக் காட்டினா.

நான் வெற்றியோடு பேராதனைக்குத் திரும்பினேன்.

மாசி மாதத்தில் மாமாவின் மெசேஜ்கள் தொடங்கின. கமரா ‘ஓஃப்லைன்’. ஒவ்வொரு நாளும் பின்னேரம் இரண்டு மணிக்குப் போய் நாலு மணிக்குத் திரும்ப வருகிறது. எனக்குத் தெரிந்ததெல்லாவற்றையும் சொன்னேன்: மின்வெட்டாக இருக்கும், வெயிலுக்குக் கமரா சூடாகியிருக்கும், றூட்டர் பழைய முகவரியை மறந்திருக்கும். ரீச்சர் அன்ரியின் மகனைப் பிடித்து றூட்டரைப் பார்க்கச் சொன்னேன். சனல் 6இலேயே நின்றது. மாமா புதுக் கமரா ஒன்று அனுப்பட்டோ என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

சித்திரை வருசத்துக்கு ஊருக்குப் போனபோது வீடு நிறைய ஆக்கள். பெரியம்மாவின் மகள், என்ர அக்கா, கொழும்பிலிருந்து மூன்று மாதக் குழந்தையோடு வந்திருந்தா. அவாவிடம் ஒரு பேபி மொனிட்டர். ஒரு பாகம் தொட்டிலடியில், மற்றது தாயின் கையில். பயணத்தில் எங்கேயோ சோடி பிரிந்து, கையிலிருக்கிற பாகத்தில் ‘சிக்னல் இல்லை’ என்று மட்டும் வந்துகொண்டிருந்தது. கமரா பூட்டிய அனுபவஸ்தர் என்று அதுவும் என்னிடம் வந்தது.

எடுத்தவுடன் வைபை பாஸ்வேட் கேட்கும் என்று தேடினேன். இல்லை. இந்த வகை மொனிட்டருக்கு வைபையும் தேவையில்லை, இன்ரநெற்றும் தேவையில்லை. இரண்டு பாகமும் நேரடியாகக் கதைக்கின்றன. ஒரே அலைவரிசையில் நிற்காமல், தங்களுக்குள் பேசி வைத்த ஒழுங்கில் ஒரு செக்கனுக்குப் பல தரம் பாய்ந்து பாய்ந்து மாறுகின்றன. அந்த ஒழுங்கு தெரியாத மூன்றாம் ஆளுக்கு அது வெறும் இரைச்சல். முந்திய காலத்து அனலொக் மொனிட்டர்களில் இந்த வசதி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதே அலைவரிசையில் ஒரு ரேடியோவைத் திருப்பினால் குழந்தை அழுகிறதும் கேட்கும், தாய் தகப்பன் சண்டை பிடிக்கிறதும் கேட்கும்.

திருத்துகிறது சுகம். பற்றரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, இரண்டையும் ஒரு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் சோடி சேர்க்கிற மெனுவைத் திறந்து, அந்த நேரத்துக்குள்ளேயே மற்றதில் பட்டனை அமத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சம்மதிக்காவிட்டால் சேராது. சேர்ந்தது. குழந்தை மூக்கால் மூச்சு விடுகிற சத்தம் மேசைக்கு வந்தது.

அம்மம்மா அந்தக் கருவியைக் கையில் எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டா. பூட்டியின் மூச்சைக் கேட்டுக்கொண்டே சாய்மனையில் சரிந்தா. பிறகு மெல்லமாக என்னைக் கேட்டா:

“மோனை, இது கனடாவுக்கும் கேக்குமோ?”

“இல்லை அம்மம்மா. இதைக் கையில வச்சிருக்கிற ஆளுக்கு மட்டும்தான்.”

“அப்ப உது?” கமராப் பக்கம் நாடியால் காட்டினா.

அது மாமாவுக்குத் தெரியும் என்றேன். மாமாவின் போனில் பார்க்கலாம், மாமி, பிள்ளைகளுக்கும் பகிர்ந்திருப்பார், கமரா வித்த கொம்பனியின் சேவருக்கூடாகத்தான் பெரும்பாலும் படம் போகும், அது எந்த நாட்டில் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. சொல்லச் சொல்ல எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

“அதுதான் நான் மத்தியானத்தில வயரைப் புடுங்கிறனான்” என்றா அம்மம்மா.

இரண்டு மணிக்கு அவா தலை முழுகிவிட்டு, ஹோலில் சீமெந்து நிலத்தில் பாயும் போடாமல் படுக்கிறவா. அந்த வெக்கைக்கு வீட்டில் குளிர்மையான இடம் அதுதான். “ஆம்பிளைப் பிள்ளை பாத்துக்கொண்டிருக்கிறான் எண்டு தெரிஞ்சுகொண்டு நான் எப்பிடி மோனை சீலையைத் தளர்த்திப்போட்டுப் படுக்கிறது? பெத்த பிள்ளையெண்டாலும் ஒரு இது இருக்கெல்லே.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னா: “முந்தி ஆமிக்காரர் வந்து வீட்டைப் பாத்திட்டுப் போவினம். போனாப்பிறகு கதவைச் சாத்தலாம். உது போகுதில்லையே.”

நாலு நாளாக நான் பாஸ்வேட்டைக் கேட்டேன், றூட்டரைக் கேட்டேன், மாமாவின் கணக்கைக் கேட்டேன், சனலைக் கேட்டேன். வீட்டுக்காரியைக் கேட்கவில்லை. கமராவில் ஒரு பிழையும் இருக்கவில்லை. சம்மதிக்காத பக்கம் ஒன்று இருந்திருக்கிறது, அது தன் எதிர்ப்பை மாசி முழுக்க இரண்டு மணிக்கு இரண்டு மணி ஒழுங்காகக் காட்டியும் இருக்கிறது. எனக்குத்தான் அதை வாசிக்கத் தெரியவில்லை.

கம்பஸ் திரும்பிய பிறகு பேபி மொனிட்டரின் கதையைத் தேடி வாசித்தேன். 1932இல் அமெரிக்க விமானி சார்ள்ஸ் லிண்ட்பேர்க்கின் குழந்தையைத் தொட்டிலில் இருந்து கடத்திக் கொலை செய்தார்கள். நாடே கலங்கிப்போனது. அந்தப் பயத்தின் பின்னணியில் 1937இல் செனித் கொம்பனி ‘ரேடியோ நர்ஸ்’ என்று ஒரு கருவியைச் செய்தது. அதை வடிவமைத்தவர் இசாமு நொகுச்சி, பேர் போன சிற்பி. பேக்லைற்றில் செய்த, முகமூடி போட்ட ஒரு தலை மாதிரி இருக்கும். குழந்தையின் அறையில் இருக்கிற பாகம் சத்தத்தை வீட்டின் மின்சார வயருக்கூடாகவே மற்ற அறைக்கு அனுப்பும். பயத்திலிருந்து பிறந்த சாமான்தான் இது. எங்கள் வீட்டுக் கமராவும் அப்படித்தான். மாமாவின் பயம் பொய்யில்லை. தாத்தா செத்தபோது அவரால் வர முடியவில்லை. விடியக்காலை வேலைக்கு வெளிக்கிட முதல் போனைத் திறந்து, அம்மா குசினிக்கும் ஹோலுக்கும் நடக்கிறதை ஒருக்கால் கண்டால்தான் அவருக்கு அந்த நாள் ஓடும்.

அதனால்தான் அவரிடம் எப்படிச் சொல்லுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அம்மம்மாவே வட்ஸ்அப்பில் சொன்னா, சுற்றி வளைக்காமல். மாமா கனநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்குச் சொல்லியிருக்கலாமே அம்மா” என்றார். “நீ கேக்கேல்லையே தம்பி” என்றா அம்மம்மா.

வருசத்துக்கு மற்ற நாள் கமராவைக் கழற்றி விறாந்தையில் பூட்டினோம். இப்போது அதற்கு முற்றமும் படலையும் கிணற்றடிப் பாதையும் மட்டும் தெரியும். மைக்கை நிற்பாட்டினோம். பகிர்ந்திருந்த பட்டியலில் மாமாவையும் அம்மாவையும் தவிர மற்ற எல்லாரையும் எடுத்தோம். செயலியின் பாஸ்வேட்டை மாற்றினேன். 2016இல் ‘மிராய்’ என்ற ஒரு வைரஸ், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேட்டை மாற்றாமல் விட்ட கமராக்களையும் றூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே ட்விட்டர், நெற்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைச் சில மணித்தியாலங்கள் முடக்கியது. அதற்குத் தேவைப்பட்டது 60 சொச்சம் வழமையான பாஸ்வேட்டுகளின் ஒரு பட்டியல் மட்டும்தான்.

ஆனால் விழுந்தால் என்ன செய்கிறது? யோசித்துப் பார்த்தால், ஹோலில் இருந்த கமராவுக்கு அம்மம்மா விழுந்த கிணற்றடி தெரிந்திருக்கவே மாட்டாது. தெரிந்திருந்தாலும் மாமா ரொறன்ரோவில் நித்திரை. கடை அண்ணாவிடமே போய் வயர் இல்லாத கோலிங் பெல் ஒன்று வாங்கினேன். பட்டனை ஒரு கயிற்றில் கட்டி அம்மம்மாவின் கழுத்தில் போட்டோம். மணியை ரீச்சர் அன்ரி வீட்டுச் சுவரில் செருகினோம். அதையும் சோடி சேர்க்கத்தான் வேணும்: மணியில் உள்ள பட்டனை லைற் மினுங்கும் வரைக்கும் அமத்தி, உடனே இங்கே பட்டனை அமத்த வேண்டும். அன்ரி அங்கேயிருந்து “அமத்து!” என்று கத்த, அம்மம்மா இங்கே அமத்தினா. முதல் தரமே சரி. கிணற்றடியில் நின்றும் அமத்திப் பார்த்தோம், கேட்டது. ஒவ்வொரு மாதமும் ஒருக்கால் அமத்திப் பற்றரியைச் சோதிக்கிறது அன்ரியின் மகனின் வேலை.

உங்களுக்கும் இப்படி ஒரு வேலை தலையில் விழும். லீவுக்குப் போகிற கம்பஸ் பிள்ளைகள் எல்லாருக்கும் விழும். ரீசெற் பண்ண முதல் இன்னொரு போனின் ஹொட்ஸ்பொட்டில் ஏற்றிப் பாருங்கள். பிழைச் செய்தி மாறுகிறதா என்று கவனியுங்கள். அனுப்பினவரின் கணக்கில் இருந்து நீக்கியாயிற்றா என்று கேளுங்கள். அலைவரிசை 2.4, சனல் 1, 6, 11இல் ஒன்று. ஆனால் இதெல்லாவற்றுக்கும் முதல், பிளக்கைச் செருக முன்னமே, அந்த வீட்டில் இருக்கிற ஆளிடம் இதை எங்கே வைக்கலாம் என்று கேளுங்கள். நான் அதைக் கடைசியாகத்தான் செய்தேன்.

போன கிழமை மாமாவின் மெசேஜ் வந்தது. இரவு முழுக்கக் கமரா ‘நடமாட்டம்’ என்று எச்சரிக்கை அடித்துக்கொண்டே இருந்ததாம். பயந்துபோய்த் திறந்து பார்த்தால் சிலந்தி. இரவில் கமராவின் லைற்றுக்குப் பூச்சி வர, பூச்சிக்குச் சிலந்தி வந்து கண்ணுக்கு முன்னாலேயே வலை பின்னியிருக்கிறது. அம்மம்மாவுக்கு கோல் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அடுத்த நிமிசம் அவருடைய போன் முழுக்க ஒரு ஈர்க்கு விளக்குமாறு. அது விலகினவுடன் அம்மம்மாவின் முகம், மிகக் கிட்ட, இந்த முறை நேராகக் கமராவைப் பார்த்துக்கொண்டு. “தெரியுதே இப்ப?” என்று கேட்கிற மாதிரி வாய் அசைகிறது. மைக் இல்லாதபடியால் சத்தம் வரவில்லை. அந்தப் படத்தை மாமா தன் போனின் முகப்பில் போட்டு வைத்திருக்கிறார்.